பட்டறைக்கு வந்த லிஃப்ட்

“நாசமாப் போவ! எம் புருசனைத் தின்ன எடத்துல இப்ப மிசினா வைக்கிற?”

ரோட்டோரத்து மண்ணை இரண்டு கையாலும் வாரிப் பட்டறைக்குள் தூற்றினாள் அன்னத்தாய்.

தூணுக்கு போல்ட் முடுக்கிக்கொண்டிருந்த ஈஸ்வரபாண்டி திடுக்கிட்டு நிமிர்ந்தான். வண்டி தூக்கும் லிஃப்ட் மாட்டுவதற்காகத் தேனியிலிருந்து கூடலூருக்கு வந்திருந்தான். குமுளி ரோட்டில், ஹக்கீம் பாயின் ஜீப் பட்டறை.

மண் பாயின் தாடியிலும் சட்டையிலும் அப்பியது. அவர் தட்டிவிடக்கூட இல்லை.

“அன்னைக்கு இதை வாங்கிப் போட்ருந்தா எம் புள்ளைகளுக்கு அப்பன் இருந்திருப்பான்ல? ஓட்ட ஜாக்கியைக் குடுத்துக் கொன்னுபுட்டு நிக்கிறியே, நீ நல்லாருப்பியா?”

பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

அவளுடைய பார்வை உள்ளே ஸ்பானரோடு நின்ற பிச்சைமணி மேல் விழுந்தது.

“ஏலே, நீயும் இவன்கிட்டயே கை கட்டி நிக்கிறியேடா! அக்கா தாலி அறுந்தது மறந்துபோச்சா?”

பிச்சைமணி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். எதிர்த்த டீக்கடைக்காரர்தான் ஓடி வந்து, “வா ஆத்தா, வா” என்று அவளை அழைத்துப் போனார்.

டீ குடிக்கப் போனபோது ஈஸ்வரபாண்டி அவரிடமே கேட்டான்.

“தங்கபாண்டின்னு நல்ல மெக்கானிக்கு. போன வருசம் ஜீப்புக்கு அடியில படுத்து வேல பாக்கையில ஜாக்கி எறங்கிருச்சு. அங்கனயே முடிஞ்சுபோச்சு. பழைய ஜாக்கி, மாத்தாம விட்டது என் தப்புதான்னு பாயே ஸ்டேசன்ல சொல்லிட்டாக. கேசு நடக்குது. உள்ள போனாலும் போவாக.”

“அந்தப் பிச்சைமணி?”

“அன்னத்தாயிக்குக் கூடப்பொறந்தவன். மச்சான் செத்த எடத்துலயே சம்பளம் வாங்குறான். என்ன சென்மமோ!”

ஈஸ்வரபாண்டிக்கு டீ கசந்தது.

‘தரை இந்த போல்டுக்குத் தாங்காது’ என்று அவன் சொன்னவுடன், மறுபேச்சுப் பேசாமல் பழைய தரையைப் பேர்த்தெடுத்து, கம்பி கட்டி, புதுசாகக் கான்கிரீட் போட்டு, அது இறுகும்வரை பட்டறையையே பூட்டி வைத்தவர் பாய். எத்தனையோ ஊரில் லிஃப்ட் மாட்டியிருக்கிறான். இப்படி ஒரு மொதலாளியைப் பார்த்ததில்லை என்று நினைத்திருந்தான். இப்போது புரிந்தது. ஒரு உயிர் போன பிறகு வந்த பயம்.

சாயங்காலம் சோதனை. முதலில் வெறும் லிஃப்ட்டை ஏற்றி இறக்கினான். இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் ஏறுகிறதா என்று பார்த்தான். பிறகு ஒரு ஜீப்பை ஏற்றினான். சக்கரம் தரையை விட்டதும் நிறுத்தி, வண்டியைப் பிடித்து உலுக்கினான். அசையவில்லை. மேலே ஏற்றி, இரண்டு தூணிலும் லாக் விழுந்ததா என்று பார்த்து, அதன்மேல் வண்டியை உட்காரவைத்தான். ஒவ்வொரு போல்டையும் மறுபடி முடுக்கிப் பார்த்தான்.

பாய் கேட்டார். “தம்பி, கீழ ஆள் இருக்கையில, வெளிய நிக்கிறவன் தெரியாத்தனமா எறக்கிட்டா?”

“சும்மா அமுக்கினா எறங்காது பாய். லேசா மேல தூக்கி, லாக்கை எடுத்துவிட்டு, அப்பறந்தான் இந்தக் கைப்பிடியை அமுக்கணும். ஆனாலும் எறக்குறவன் குனிஞ்சு பாத்துட்டுத்தான் தொடணும்.”

“இன்னொருக்கச் சொல்லுங்க.”

சொன்னான். பாய் திரும்பினார்.

“பிச்சை, நீ வந்து எறக்கு.”

பிச்சைமணியின் முகம் வெளுத்தது. “வேணாம் மொதலாளி. வேற ஆரையாச்சும்…”

“எறக்குலே!”

வந்தான். கை வெடவெடவென்று நடுங்கியது.

“கீழ ஆரும் இருக்காகளா, பாரு.”

குனிந்து பார்த்தான். “இல்ல மொதலாளி.”

“சுத்தி வந்து பாரு.”

சுற்றி வந்தான். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“இல்ல.”

“எறக்கு.”

ஜீப் மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. கைப்பிடியை விட்ட பிச்சைமணி, வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினான். ஒரு பெரிய கேவல் அங்கிருந்து வந்தது.

ஈஸ்வரபாண்டிக்குப் பொறுக்கவில்லை.

“உங்களுக்கெல்லாம் ஈரமே கிடையாதா பாய்? செத்தது அவன் மச்சான். அதே எடத்துல, அவனை நிக்க வச்சு வண்டியை எறக்கச் சொல்றீக. ஜாக்கியை மாத்தாம விட்டது நீங்க. நடுங்குறது அவன் கையா?”

பாய் லிஃப்ட் தூணில் சாய்ந்து, பின்கட்டைப் பார்த்தபடி நின்றார்.

“சாவு விழுந்த அன்னைக்கு ராவே கயித்தை எடுத்தவன் தம்பி இவன். புடுங்கி எறிஞ்சுட்டு, இங்கனயே கூட வச்சிக்கிட்டேன். இந்த நடுக்கத்தோட வீட்ல ஒக்காந்தான்னா திரும்பவும் கயித்தைத்தான் தேடுவான். அதான் எறக்கச் சொன்னேன்.”

“அவன் எதுக்குச் சாகணும்? வையிறவ உங்களைத்தான வையிறா?”

“வையட்டும். எனக்குத் தாங்கும். அவளுக்குன்னு இனிமே இந்தத் தம்பி ஒருத்தன்தான் இருக்கான்.”

தாடியில் ஒட்டியிருந்த மண்ணை அப்போதுதான் தடவிப் பார்த்தார் பாய். பின்கட்டுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஜாக்கி பழசெல்லாம் இல்ல தம்பி. மச்சான் வெளிய வந்துட்டாருன்னு நெனச்சு அன்னைக்கு ஜாக்கியை எறக்குனதே இவன்தான்.”