கீரைப் பாத்திக்குள் கோழி

சுனாபட்டியில் ஜுலைகா தன் வீட்டுக் கொல்லையில் ஒரே ஒரு பெட்டைக் கோழி வளர்த்தாள். ஒரு வாரமாக அதன் கூட்டில் முட்டையே காணோம்.

"தின்ன தீனியெல்லாம் தண்டம். நாளைக்கு அறுத்துக் குழம்பு வச்சிரு" என்றான் அவள் கணவன் மைதீன்.

பக்கத்துக் கொல்லையில் அவரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அனந்தராமன் பதறிப்போய் வேலியோரம் ஓடி வந்தார்.

"வாயில்லா ஜீவன்மா! அறுத்துடாதே, பாவம்!"

ஐயர் கண் கலங்கியதைப் பார்த்து ஜுலைகாவுக்கும் மனசு கேட்கவில்லை. கூட்டைத் திறந்துவிட்டாள். கோழி நேரே வேலியைத் தாண்டி, அவருடைய கீரைப் பாத்தியில் போய் உட்கார்ந்தது. சற்று நேரத்தில் கொக்கரித்தபடி எழுந்தது. அனந்தராமன் அக்கம்பக்கம் பார்த்தார். முட்டையை எடுத்து உடைத்து, அப்படியே வாயில் ஊற்றிக்கொண்டார்.

"மாமா!" என்றாள் ஜுலைகா.

விழுங்கிவிட்டுக் கைகூப்பினார். "உடம்பு தேறணும்னா பச்சை முட்டை குடிக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார்மா. மாமிக்குத் தெரிஞ்சா என்னை வீட்டுக்குள்ளேயே விடமாட்டா."

மறுநாள் அவர் ஆபீஸுக்குப் போனதும், அவர் மனைவி பார்வதி வேலிக்கு மேலே ஒரு முறம் கீரையை நீட்டினாள்.

"கோழிக்கு நன்னாத் தீனி போடுடி."

ஜுலைகா திருதிருவென்று விழித்தாள். "எதுக்கு மாமி?"

"முட்டையை நான் குடிக்கச் சொன்னா ஆசாரம் போச்சுன்னு குதிப்பார். அதான் டாக்டரை விட்டுச் சொல்ல வச்சேன்!"