சுரையா வீட்டு வட்டச் சுவர்

வட்டமான சுவரில் பீரோவை எப்படி ஒட்டி வைப்பது? சுரையா யாரிடம் கேட்டாலும் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள், பாவம்!

அவள் கணவர் அப்துல் லத்தீப் பத்து வருஷம் ஷார்ஜாவில் உழைத்து, மரக்காணம் உப்பளத்தை ஒட்டி மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார். 2005-இல் லீவில் வந்தவர் பிளானை முடித்துக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். ஊர்க் கேலி முழுக்க சுரையா தலையில்.

கேலியில் முதல் ஆள் ஆதிமூலம். வீட்டுக்குப் பின்னால் உப்புப் பாத்தி வைத்திருப்பவர். நாலு பேர் முன்னாலேயே கேட்டுவிட்டார்.

"ஏன் தங்கச்சி, இது வீடா, கவுத்து வச்ச சட்டியா?"

மூன்று மாசத்தில் மகள் ஃபர்சானாவுக்கு இந்த வீட்டில்தான் நிக்காஹ். சம்பந்தி வீட்டாரும் சிரித்தால்? சுரையாவுக்கு அழுகையே வந்தது. போனில் கணவரிடம் சொன்னால், முடிந்ததும் நன்றாக இருக்கும் என்பதோடு சரி.

வளைவு வளைவாக வீடு கட்டும் ஆரோவில்லில் வேலை பழகிய மேஸ்திரி கலியமூர்த்திதான் அவர் மனசைக் கெடுத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினாள். ஜன்னலுக்கு மேல் லிண்டல் வரை எழும்பியிருந்த சுவரை இடித்துவிட்டு நேராகக் கட்டச் சொன்னாள்.

மேஸ்திரி கொத்துக்கரண்டியைக் கீழே வைத்தார்.

"பாய் சொல்லக்கூடாதுன்னாரு. நீங்க இடிக்கச் சொல்றதால சொல்றேன். நான் போட்டது நாலு மூலை பிளான்தாம்மா. அவருதான் பேனாவை வாங்கி வளைச்சாரு."

"எதுக்கு?"

"நாலு மூலையா எழுப்பினா கடல் காத்து பின்னால போகாது. காத்து இல்லாம ஆதிமூலத்துக்கு எப்படி உப்பு விளையும்? அவருக்கு இருக்கறது அந்த ஒரு பாத்திதான். சுவரு வளைஞ்சா காத்து வழுக்கிட்டுப் போயிடும். இது தெரிஞ்சா ஆதிமூலம் கூச்சப்படுவாராம்."

சுரையா கொத்துக்கரண்டியை எடுத்து மேஸ்திரி கையில் கொடுத்தாள். இடிக்க வேண்டாம் என்றாள். சமையலறைச் சுவர் மட்டும் பிளானில் நேராக இருந்தது. அதையும் வளைக்கச் சொன்னாள்.

அடுத்த வாரம் அந்த வழியாக வந்த ஆதிமூலம் நின்று பார்த்தார்.

"சமையக்கட்டுமா? இது யாரு குடுத்த ஐடியா தங்கச்சி?"

"என்னோடதுதாண்ணே," என்றாள் சுரையா. "எனக்கு இப்படித்தான் பிடிச்சிருக்குது."