நடுவில் இருந்த முகம்

“எந்தக் கல்நெஞ்சக்காரன் பண்ணின வேலை இது?”

தலைவி போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. தலைவி என்றால் கட்சித் தலைவி இல்லை. கல்லூரி முடித்த கையோடு தெருப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்து மதிலில் முகங்களாக வரைந்துகொண்டிருக்கும் பெண். பெயர் பிள்ளைகள் வைத்தது.

‘ஒருத்தரையும் விட்டுடக் கூடாது’ என்பதுதான் அவர்கள் கொள்கை. குப்பை அள்ளுகிறவர், பார்வையில்லாத பேப்பர்காரர், பிணவறை ஊழியர் என்று யாரும் ஏறெடுத்துப் பார்க்காத முகங்களாகத் தேடிப் பிடித்தார்கள். வரைந்த கூட்டமும் அப்படித்தான். கீழ்வரிசை முழுக்க ஒருத்தி சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே வரைந்தது. கலர் கலந்தவன், குச்சி என்று எல்லோரும் கூப்பிடும் காது கேளாத பையன்.

நட்டநடுவில், ஆள் உயரத்துக்குத் தையல்கார அக்காவின் முகம். ஒரு பக்கம் வெந்து சுருங்கிப்போன முகம். அதை உள்ளது உள்ளபடி வரைந்ததில் தலைவிக்கு அத்தனை பெருமை.

“நான் வேணாம் பாப்பா, விட்டுடு” என்று அக்கா தைத்துக்கொண்டிருந்த துணியாலேயே முகத்தை மூடிக்கொண்டாள். கூச்சம் என்று நினைத்தாள் தலைவி. அசந்த நேரத்தில் போனில் ஒரு போட்டோ எடுத்து, அதைப் பார்த்தே வரைந்துவிட்டாள். மதிலைப் பார்த்ததும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதபடி ஓடியதை, ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரிடமும் சொன்னாள்.

தெருப் பேரோடு வீடியோ போட்டதுதான் தாமதம், முகம் தெரியாதவர்கள் எல்லாம் பாராட்டித் தள்ளினார்கள்.

இன்று காலை வந்து பார்த்தால், அந்த ஒரு முகத்தின் மேல் மட்டும் கறுப்பு பெயின்ட்.

சந்தேகப்பட ஒரே ஆள்தான் இருந்தார். எதிர்த்த மளிகைக் கடைக்காரர். “கடையத் திறந்ததும் இதையா பாக்கணும்? அழிச்சிட்டு ஒரு பூச்செடி வரைம்மா” என்று முதல் நாளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர்.

“அண்ணே, உண்மையச் சொல்லுங்க. நீங்கதானே?”

கடைக்காரர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஆமா. நான்தான் பூசினேன். இப்ப என்னங்கிற?”

தெரு கொதித்துப் போனது.

“வெந்த முகம்னா உங்களுக்கு அவ்வளவு கேவலமா?”

“என் கடை, என் கண்ணு. பிடிக்கல, பூசினேன்.”

“நீங்கல்லாம் மனுஷனா?”

தலைவி போனைத் தூக்கிப் படம் பிடித்தாள். இனி இந்தக் கடையில் உப்புகூட வாங்க மாட்டோம் என்று நாலு பேர் அங்கேயே சொல்லிவிட்டுப் போனார்கள். கடைக்காரர் ஷட்டரை இறக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பிள்ளைகள் புது பெயின்ட் வாங்கக் கிளம்ப, தலைவி மட்டும் தின்னரில் துணியை நனைத்துக் கறுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“இது நீங்க வரைஞ்சதாம்மா?”

திரும்பினாள். கையில் பழப்பையோடு ஒருவர். சாதுவான முகம். அவர் நீட்டிய போனில் இவளுடைய வீடியோதான் ஓடிக்கொண்டிருந்தது.

“நடுவுல ஒரு அம்மா இருந்தாங்களே? அடப்பாவிங்களா, அதையா அழிச்சாங்க?” குரல் தழுதழுத்தது. “எனக்கு ரொம்ப நெருங்கின சொந்தம்மா. தேடாத இடமில்ல. உங்க புண்ணியத்துல இப்பதான் உயிரோட இருக்கிறதே தெரிஞ்சுது.”

தலைவிக்குக் கண் கலங்கிவிட்டது. காலையிலிருந்து பட்ட பாட்டுக்கு இந்த ஒரு மனிதர் போதும் என்று தோன்றியது.

“நேரா போங்க சார். தெருக்கோடியில மாவு மில். மாடியிலதான் அக்கா தைக்கிறாங்க. இந்நேரம் தனியாத்தான் இருப்பாங்க.”

“நல்லா இருக்கணும்மா நீ.” கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நடந்தார்.

துடைத்ததில் ஒரு கண் வெளியே வந்திருந்தது. அவர் நாலைந்து வீடு தாண்டுவதற்குள் ஷட்டர் மெல்ல உயர்ந்தது. கடைக்காரர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தெருவைக் கடந்து வந்தார்.

“துடைக்காதம்மா. உன் காலப் பிடிச்சுக் கேட்டுக்கிறேன்.”

“இன்னும் உங்களுக்குப் பத்தலையா?”

“சத்தம் போடாம கேளு.” குரலைத் தாழ்த்தினார். “யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. நீ இப்பிடித் துடைக்கிறதப் பாத்துட்டு எப்பிடிச் சும்மா இருக்கிறது? விடியக்காலையில அந்தப் பொண்ணே வந்து என் கடை வாசல்ல நின்னு அழுதா. அவளுக்கு ஏணியில ஏறத் தைரியம் இல்ல. அதான் நான் ஏறிப் பூசினேன்.”

“அக்காவா? ஏன்?”

“அந்த மூஞ்சியில ஆசிட் ஊத்தினது அவ புருஷன்தாம்மா. போன மாசம் ஜெயில்ல இருந்து வெளிய வந்துட்டான். அவன் கண்ணுல படக் கூடாதுன்னுதான் ஊரு விட்டு ஊரு வந்து, முக்காடு போட்டுக்கிட்டு நம்ம தெருவுல ஒளிஞ்சிருக்கா. எவனாவது வந்து நைசாப் பேசிக் கேட்டாலும் வீட்ட மட்டும் காட்டிடாதே, தாயி.”

தலைவியின் கையிலிருந்த துணி நழுவிக் கீழே விழுந்தது. தெருக்கோடியைப் பார்த்தாள்.

அவள் பார்ப்பதைக் கண்ட அந்த மனிதர், வீடு அதுதானே என்பதுபோல் மேலே கைகாட்டிச் சிரித்துவிட்டு, மாவு மில் மாடிப்படியில் கால் வைத்தார்.