சோர்ஸ் கோடு யாரிடம்?

சாம்சன் விட்ட மூன்றாவது குத்தில் அன்புவின் முன்பல் உடைந்து சிமெண்ட் தரையில் விழுந்தது. கட்டிப்போட்டிருந்த நாற்காலியோடு அவனும் சாய்ந்தான். சாம்சன் காலரைப் பிடித்துத் தூக்கி நிமிர்த்தி வைத்தான்.

"ஒரே ஒரு பேரு. சொல்லிட்டுப் போய்க்கினே இரு. திருடுனத யாருக்கு வித்தே?"

அன்பு ரத்தத்தைத் துப்பினான். "விக்கலண்ணா. மணி இன்னா ஆவுது?"

பதிலுக்கு நாலாவது குத்து விழுந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வெகுநாளாகப் பூட்டிக் கிடந்த ஷெட் அது. தகரக் கூரை வெயிலில் கொதித்தது. உள்ளே இன்னும் ஒருவர் இருந்தார், மேனேஜர் துளசிராமன். சட்டையில் ரத்தம் தெறிக்காத தூரத்தில் நின்றிருந்தார்.

துளசிராமனின் கம்பெனி, தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷின்களுக்குக் கம்ப்யூட்டர் பெட்டி செய்கிறது. அன்பு அங்கே ஆறு வருட என்ஜினீயர். அவன் 'சோர்ஸ் கோடு' என்று எதையோ திருடிப் போட்டிக் கம்பெனிக்கு விற்றுவிட்டான் என்று மட்டும்தான் சாம்சனிடம் சொல்லியிருந்தார்கள். அடிப்பதற்கு அதற்கு மேல் தெரிய வேண்டியதில்லை.

ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டான். "இன்னா சார் அது, சோர்ஸ் கோடு?"

"பெட்டியை ஆன் பண்ணினதும் முதல்ல ஓடற புரோகிராம். அதை எழுதி வச்சிருக்கிற எழுத்து. கம்பெனி சொத்து" என்றார் துளசிராமன்.

"பொய்ண்ணா" என்றான் அன்பு. உதடு கிழிந்ததில் வார்த்தை குழறியது. "ஊர் ஒலகத்துல யார் யாரோ சும்மா எழுதிக் குடுத்தது. யார் வோணா எடுத்துக்கலாம், மாத்திக்கலாம். ஆனா பொட்டிய வாங்குனவன் கேட்டா, மாத்துனதையும் சேத்துக் குடுத்துரணும். அதான் கண்டிஷன். சோழவரத்துல வாங்குன கம்பெனி மூணு லெட்டர் போட்டுது. இவுரு குடுக்கல. அதான் நான் எடுத்தேன்."

"அப்டி இன்னாத்த மாத்துனாங்க?"

"பதினோரு வரிதான். பிரஸ்ல கை மாட்டாம பாத்துக்கிற கண்ணு ஒண்ணு கீது. மிஷின ஆன் பண்ணா, அது வேல செய்யுதான்னு மொதல்ல செக் பண்ணும். அதால மிஷின் அடிக்கடி நிக்கிதுன்னு அந்தச் செக்கையே எடுத்துட்டாங்க. சோழவரத்துல லோகுன்னு ஒருத்தன். ரெண்டு கையும் மணிக்கட்டோட போச்சு. அவன் தூங்கிட்டான்னு எழுதிட்டாங்க. இதே பொட்டி நாப்பது கம்பெனில ஓடுது. உங்க ஊட்ல யாராச்சும் பிரஸ்ல..."

சாம்சன் முடிக்க விடவில்லை. வயிற்றில் உதைத்தான். நாற்காலி பின்னால் சரிந்து சுவரில் மோதியது. விழுந்தவனை மறுபடி உதைத்தான், அப்புறமும் உதைத்தான். சாம்சனின் மனைவி கிறிஸ்டினா திருவள்ளூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் நாலு வருடமாகப் பிரஸ் ஓட்டுகிறாள். அந்த மெஷினில் யார் செய்த பெட்டி இருக்கிறது என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை.

"கதை கேட்கவா உன்னைக் கூப்பிட்டேன்?" துளசிராமன் பற்களைக் கடித்தார். "காலையில ஒன்பது மணிக்கு வெளியே அனுப்பியிருக்கான். வாங்கினவன் திறந்து பார்க்கிறதுக்குள்ள ஆளைப் பிடிச்சா அழிச்சிடலாம். விரலை உடை. பேர் தானா வரும்."

சாம்சன் நாற்காலியை நிமிர்த்தி, அன்புவின் வலது கையை மட்டும் அவிழ்த்து, கவிழ்த்திருந்த டிரம்மின் மேல் அழுத்திப் பிடித்தான். இரும்புக் குழாய் இறங்கியது. ஆள்காட்டி விரல் காய்ந்த சுள்ளி போல முறிந்தது. அன்புவின் அலறல் கூரையில் மோதித் திரும்பி வந்தது.

"பேரு."

"மணி... மணி சொல்லுண்ணா."

"பன்னெண்டே கால். பேரச் சொல்லு நைனா, எனக்கே கை நோவுது."

நடுவிரலும் போனது. அன்புவின் தலை தொங்கியது. சாம்சன் பாட்டில் தண்ணீரை முகத்தில் ஊற்றினான். கண் திறக்காமலே அன்பு முனகினான். "வேல நேரத்துல... ஃபோனெல்லாம் லாக்கர்ல கீது..."

"உளற ஆரம்பிச்சுட்டான். அடுத்த விரல்" என்றார் துளசிராமன்.

சாம்சன் குழாயை ஓங்கினான். ஏனோ இந்த முறை கை உடனே இறங்கவில்லை. அந்த நேரத்தில் பக்கத்துத் தொழிற்சாலையில் சாப்பாட்டுச் சங்கு ஊதியது. அதை அடுத்து எதிர்ச்சாரியில் ஒன்று, பிறகு தூரத்தில் இரண்டு மூன்று.

வீங்கி மூடியிருந்த கண்களை அன்பு மெல்லத் திறந்தான். காலையிலிருந்து இறுக்கிப் பிடித்திருந்த தோள்கள் தளர்ந்தன. துளசிராமனின் பையில் கைபேசி அடித்தது. அவர் எடுக்கவில்லை. நின்று, மறுபடி அடித்தது. சாம்சனின் சட்டைப் பையிலிருந்த கைபேசியும் ஏதோ மெசேஜ் வந்து ஒரு முறை அதிர்ந்தது.

"இப்ப சொல்றேண்ணா" என்றான் அன்பு.

துளசிராமன் வேகமாகக் கிட்டே வந்தார். சாம்சன் குழாயைக் கீழே போட்டுவிட்டு, அவன் வாயருகே காதைக் கொண்டுபோனான்.

"சொல்லு. யாருக்கு அனுப்புனே?"

"நாப்பது கம்பெனில பிரஸ் ஓட்ற எல்லாருக்கும்."