கூடவே வருகிறவள்

“நல்லாப் பாருங்க மேடம். மணிக்கட்டை எப்படிப் பிடிச்சிருக்கா பாருங்க” என்று கைபேசியைத் தலைமை ஆசிரியையின் மேசைமேல் நகர்த்தினாள் சிட்டுவின் அம்மா.

படத்தில் பள்ளி வாசல். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி நிற்கிறாள். குண்டு எறிதலில் இரண்டு வருடமாக அவளை யாரும் ஜெயித்ததில்லை. அவள் பிடியில் ஒன்றாம் வகுப்புச் சிட்டு, புத்தகப் பையோடு சேர்த்து நிறுத்தாலும் பதினெட்டு கிலோ தேறாதவள்.

அம்மாவுக்கு மருந்துக்கடையில் வேலை. ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு, கடையின் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு என்பதால் மூச்சு விடாமல் கொட்டினாள்.

“பத்து நாளாப் பாத்துட்டிருக்கேன். வாசல்லேர்ந்து கிளாஸ் வரைக்கும் ஒட்டிக்கிட்டே போறா. சாப்பிடற நேரத்துல பக்கத்துல உக்காந்துக்கறா. பாத்ரூம் வாசல்லகூட நிக்கறாளாம். ‘அந்த அக்காவை வேற ஸ்கூலுக்கு அனுப்பச் சொல்லும்மா’ன்னு என் பொண்ணு தினமும் அழறா.”

“அது வந்தும்மா…”

“நான் முடிச்சிடறேன் மேடம். என் பொண்ணு யார் வம்புக்கும் போகமாட்டா. கிளாஸ்ல எல்லாருக்கும் அவ மேல உசுரு. காலையில ரெண்டு பென்சிலோட அனுப்பறேன், சாயங்காலம் ஆறு பென்சிலோட வரா. கேட்டா, ‘எல்லாரும் குடுத்தாங்கம்மா’ங்கறா. அப்படிப்பட்ட குழந்தையை இவ்வளவு பெரிய பொண்ணு மிரட்டினா என்ன நியாயம்? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும். ஒண்ணு அவ இங்க இருக்கணும், இல்ல என் பொண்ணு இருக்கணும்.”

தலைமை ஆசிரியைக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தெட்டு வருட அனுபவம் அதை இருமலாக மாற்றிக் கொடுத்தது.

“நானே உங்களைப் பாக்கணும்னுதான் இருந்தேன். சிட்டுகிட்ட ரெண்டு தடவை கடிதம் குடுத்தனுப்பினேனே, வரலையா?”

“வரலையே. அதையும் இவதான் பிடுங்கியிருப்பா.”

ஆயா போய் வீராங்கனையைக் கூட்டிவந்தாள். பாவம், அவள் சுவரோரமாக ஒதுங்கி நின்று நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். இந்தப் புகாரில் அது அடிபட்டுவிடுமோ என்கிற பயம் முகத்தில் அப்படியே தெரிந்தது.

அவள் சட்டையில் ஒரு மஞ்சள் அட்டை குத்தியிருந்தது. ‘சீண்டல் தடுப்புக் குழு – துணை மாணவி’ என்று அதில் எழுதியிருந்ததை அம்மா இரண்டு முறை படித்தாள்.

“இது என்ன மேடம்?”

“எங்க ஸ்கூல்ல ஒரு ஏற்பாடும்மா. சின்ன கிளாஸ்ல அடிக்கறாங்க, பிடுங்கறாங்கன்னு புகார் வந்தா, எடுத்தவுடனே தண்டனைன்னு போறதில்ல. பெரிய கிளாஸ் பிள்ளை ஒருத்தரை மூணு வாரம் காவலுக்குப் போடுவோம். எதுக்குன்னு அவங்க வெளிய மூச்சு விடக்கூடாது. விட்டா சின்னப் பிள்ளைக்கு அவமானமாப் போயிடும்.”

“அப்போ இவ என் பொண்ணுகூடப் போறது…”

“நான்தாம்மா போட்டேன்.”

பத்து நாள் சேர்த்து வைத்த கோபம் பொசுக்கென்று இறங்கிவிட்டது. அம்மாவுக்குக் கண் கலங்கியது. எழுந்து போய் வீராங்கனையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மன்னிச்சிடும்மா. உன்னைப் போய் என்னென்னவோ பேசிட்டேன்.”

சட்டைக் கைக்குக் கீழே ஒரு பிளாஸ்திரி தட்டுப்பட்டது. மருந்துக்கடைக்காரியின் கை சும்மா இருக்குமா? ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். அரைவட்டமாகப் பல் தடம்.

“ஐயையோ, யாரும்மா கடிச்சது?”

வீராங்கனை தலைமை ஆசிரியையைப் பார்த்தாள். “பரவாயில்ல ஆன்ட்டி. நேத்து சண்டையில நடுவுல போய் நின்னேன், அதான்.”

“ஊசி போட்டாங்களா?”

“போட்டாங்க. ஒண்ணாங் கிளாஸ்ல இன்னும் மூணு பேருக்கும் போட்டாங்க.”

அம்மா விரல் விட்டு எண்ணினாள். மொத்தம் நாலு பேர். இப்படி ஒரு பிள்ளையோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்துதான் தன் குழந்தை அ, ஆ எழுதுகிறது.

“நீ இங்க வந்துட்டியே, அங்க சிட்டுகூட இப்ப யார் இருக்கா?”

“பி.டி. சார் இருக்கார் ஆன்ட்டி. கூட ரெண்டு மிஸ்.”

“நல்ல வேளை” என்று நாற்காலியில் வந்து விழுந்தாள் அம்மா. “அந்தப் பிள்ளை பேரைச் சொல்லுங்க மேடம்.”

“குழந்தைதானேம்மா. கெட்ட புத்தியெல்லாம் ஒண்ணும் இல்ல. வீட்ல கொஞ்சம் உக்கார வச்சுப் பேசினா சரியாயிடும். அதுக்குத்தான்…”

“வீட்ல பேசற லட்சணம்தான் தெரியுதே. பெத்தாப் போதுமா, வளக்க வேண்டாமா? பிள்ளை என்ன கொண்டுபோகுது, என்ன கொண்டுவருதுன்னு ஒரு நாளாவது பையைத் திறந்து பாத்திருப்பாங்களா? வேலை வேலைன்னு ஓடிட்டிருப்பாங்க. எனக்கும்தான் வேலை இருக்கு, நான் வரலையா?”

தலைமை ஆசிரியை வாயைத் திறந்தார். அம்மா விடவில்லை.

“இனி பர்மிஷன் போனாலும் போகட்டும், நான் இங்கேயேதான் உக்காந்திருப்பேன். அந்தப் பிள்ளையோட அம்மாவை உடனே வரச் சொல்லுங்க. நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்காமப் போகமாட்டேன்.”

தலைமை ஆசிரியை தண்ணீர் டம்ளரை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“அவங்க வந்து அரை மணி நேரம் ஆச்சும்மா.”