பதிவில்லாத போன்

“இது இஞ்ச வேலை செய்யாது ராத்தா” என்று பஹ்மி சொன்னதும் ஜெனூபாவின் முகம் விழுந்துவிட்டது.

கல்முனை பஸாரில் பஹ்மியின் போன் கடை. கட்டாரிலிருந்து கணவன் மிஹ்லார் அனுப்பிய போன் கண்ணாடி மேசையில் பளபளத்துக் கிடந்தது. லீவில் ஊருக்கு வந்த அவனுடைய கூட்டாளி நேற்றுத்தான் அதை வீட்டில் கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

“ஏன் தம்பி, நல்ல போன்தானே?”

“போன் நல்லம். ஆனா பதிவில்ல. இதுட ஐஎம்இஐ நம்பர எஸ்எம்எஸ்ல அனுப்பிப் பார்த்தன், பதியாத போன் எண்டு மறுமொழி வந்திருக்கு. புதுச் சட்டம் வந்த பொறகு வெளிநாட்டுப் போன் பதியாம இஞ்ச சிக்னல் எடுக்காது.”

மருதமுனைச் சாரிகளைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டு விற்பவள் ஜெனூபா. பழைய போன் செத்துப்போய், கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல வழியில்லாமல் இருந்தாள்.

“நான் பாவிச்ச போன்தான் புள்ள, ஆனா புதுசு மாதிரி” என்று மிஹ்லார் சொல்லியிருந்தான். “பெட்டி உடைச்ச நாள்ல இருந்து வேற ஒருத்தர்ட கையிலயும் குடுத்ததில்ல.”

அது உண்மைதான். அவன் கட்டாருக்குப் போய் ஒரு வருசத்தில், டோஹாவில் அதை வாங்கிய அன்று பெட்டியை உடைத்ததே அவளுக்கு வீடியோவில் காட்டித்தான்.

அவன் போய் நாலு வருசமாகிறது; ஒருமுறைகூட ஊருக்கு வரவில்லை. முதலாளி லீவு தருகிறானில்லை என்பான். இடையில் அவளுடைய வாப்பா மௌத்தானபோதும் வரமுடியவில்லை. ஜனாஸா அடக்கத்தை வீடியோவில் பார்த்து அவன் விம்மிய விம்மலில், தன் துக்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டு அவள்தான் அவனுக்கு ஆறுதல் சொன்னாள்.

“எதுக்கும் உங்கட சிம்மப் போட்டுப் பார்ப்பம்” என்றான் பஹ்மி.

போட்டான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பின. தன் போனிலிருந்து அழைத்துப் பார்த்தான்; மணியடித்தது.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றாள் ஜெனூபா.

பஹ்மி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தான். பிறகு சிரித்தான். “விளங்கிட்டு ராத்தா. சட்டம் வாறதுக்கு முந்தி இஞ்சத்த சிம் போட்டுப் பாவிச்ச போன்ட சிக்னல வெட்டமாட்டாங்க. இது அப்படிப் பாவிச்ச போன். பயமில்லாமக் கொண்டு போங்க.”

“இது நேத்துத்தானே தம்பி நாட்டுக்கு வந்த?”

“இல்ல ராத்தா, முந்தியும் வந்திருக்கு. இல்லாட்டி சிக்னலே எடுக்காது.”

வட்ஸ்அப்பையும் போட்டுக் கொடுத்துவிட்டு அவன் அடுத்த ஆளிடம் திரும்பினான். ஜெனூபா வெளியே வந்தாள். அக்கரைப்பற்று பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு அவளை உரசுவதுபோல் போனது. அவள் விலகக்கூட இல்லை.

கையில் இருந்த போன் அதிர்ந்தது. வீடியோவில் மிஹ்லார், வேலைச் சட்டையோடு, வாய் நிறையச் சிரிப்போடு.

“என்ன புள்ள, போன் வேலை செய்யிதா?”

“ஓம்.”

“நான் சொன்னன்தானே, அது ஒரு பிரச்சினையும் தராது எண்டு.”

அவள் கடைச் சுவரோடு சாய்ந்துகொண்டாள். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டபோது அவளுடைய குரல் உயரவில்லை.

“லீவுல வந்து ஆருட ஊட்டுல நிண்டீங்க?”