ஆற்றங்கரைத் தெருவில் ஒருவர் கூடுதல்

ஆற்றுக்கும் குன்றுக்கும் நடுவே நான்கே தெருக்கள் கொண்ட சிற்றூர் அது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மூன்று தெருக்கள் கணக்கு வாத்தியாருக்கு. அவர் குடியிருந்த ஆற்றங்கரைத் தெரு மட்டும், போன வாரம் ஊருக்கு மாற்றலாகி வந்த டீச்சருக்கு.

மாலையில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து கூட்டினார்கள். அறுநூற்றுப் பதினெட்டு வந்தது. தாள்களைப் புரட்டிய வாத்தியார் ஓரிடத்தில் நின்றார்.

"என் வீட்டுக்கு ரெண்டு பேர்னு போட்டிருக்கீங்களே, டீச்சர்."

"ஆமா சார், நீங்களும் உங்க வீட்டம்மாவும். அவங்கதானே கதவைத் திறந்தாங்க. 'வெயில்ல அலையிறியேம்மா'ன்னு தண்ணி கொடுத்தாங்க. நீங்க சாப்பிட்டீங்களான்னு கேட்டாங்க."

மனைவி இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

"என்ன சொன்னீங்க?"

"இன்னும் சாப்பிடலைன்னு உள்ளதைச் சொல்லிட்டேன்."

"போச்சு, திட்டுவாளே" என்றார் வாத்தியார். எண்ணைத் திருத்தாமல் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கதவில் காலையில் அவர் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. சட்டைப்பையில் சாவி இருந்தது. அதை எடுக்காமல் கதவைத் தட்டிவிட்டுக் காத்து நின்றார். அவளுக்கு மூட்டுவலி. எழுந்து வரக் கொஞ்சம் நேரமாகும்.